கவுண்டரில் திருப்பி வாங்கிய காகிதங்கள்

சென்ற மாதம் நம் ஏற்றுமதி ஏஜென்டுகள் சங்கத்து விருந்தில் உங்களில் ஒரு தம்பி எழுந்து பேசினார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "எங்கள் கம்பெனி தொடங்கிப் பதினோரு வருஷம். இதுவரை ஒரு பெர்மிட்கூட ரிஜெக்ட் ஆனதில்லை" என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு அதையே என் காதருகே இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். என் காது நன்றாகவே கேட்கும். கேட்டதால்தான் தட்டவில்லை.

கை கழுவும் இடத்தில் அந்தத் தம்பியைப் பிடித்து, எப்படி ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை என்று கேட்டேன். சிரித்தார்.

"ஈசி லா, ஐயா. ஆகாதுன்னா ஆபீசர் முன்னாடியே போன் பண்ணிடுவாரு. நாங்க உடனே வித்ட்ரா பண்ணிடுவோம். சிஸ்டத்துல ரிஜெக்ட்னு வரவே வராது."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில், கையில் இருந்த துண்டை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர்மேல் மட்டும் கோபம் இல்லை. அதே சிரிப்பை நானும் ஆறு வருஷம் சிரித்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்து என் தொழில் இல்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று. நாட்டை விட்டு வெளியே போகிற சரக்கில் சிலவற்றுக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நம் மக்களுக்கே பற்றாக்குறையாக இருப்பது, சண்டை நடக்கிற இடத்துக்குப் போனால் சண்டையை வளர்ப்பது, இப்படிப்பட்ட சரக்குக்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இருந்தால் பெர்மிட் இல்லாமல் ஏற்றக்கூடாது. இந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. சட்டம் வேண்டும். என் சண்டையெல்லாம் வேறு: அந்தப் பட்டியலை யார் பார்க்கலாம்? கூடாது என்று சொன்னவர் யார்? ஏன் சொன்னார்? அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தவன். அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பதினேழு வயதில் மலாக்கா ஆற்றங்கரைக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். மூட்டை தூக்கிக்கொண்டே ஏஜென்டுகளின் காகிதங்களை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பிடித்தேன். விண்ணப்பப் பாரத்தைப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் கற்றேன். எனக்குத் தெரிந்த முதல் ஆங்கில வார்த்தை 'ஆனியன்' இல்லை, சரக்கு அனுப்புபவரைக் குறிக்கும் 'ஷிப்பர்'. இருபத்திரண்டு வயதில் என் பெயரில் ஏஜென்டு பாஸ் வாங்கினேன். பின்னாளில் காஜா பேராங்கில் மாடி வீடு கட்டினேன், லோரிகள் வாங்கினேன், பட்டம் வாங்கிய பிள்ளைகள் எனக்குக் கீழே வேலை பார்த்தார்கள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பெர்மிட் கொடுத்த அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது அந்தக் கட்டடமும் இல்லை. ஒரு நீளமான கவுண்டர், அதற்குப் பின்னால் பெரிய கிராணி என்று நாங்கள் சொல்லும் தலைமைக் குமாஸ்தா, அவருக்குப் பின்னால் பூட்டிய அலமாரி. பட்டியல் அந்த அலமாரிக்குள் இருந்தது. அது ரகசியம். வியாபாரி பார்க்கக்கூடாது, ஏஜென்டும் பார்க்கக்கூடாது. எது பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, விண்ணப்பம் போட்டுப் பார்ப்பதுதான்.

போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? பெரிய கிராணி வாங்கிப் பார்ப்பார். வலது மூலையில் பென்சிலால் ஒரு வரிசை எண் போடுவார். உள்ளே எடுத்துக்கொண்டு போவார். ஆகும் என்றால் முத்திரையோடு வரும். ஆகாது என்றால் முத்திரை இல்லாமல் அதே தாள் திரும்பி வரும். "எடுத்துக்கிட்டுப் போ, தம்பி" என்பார். எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். பெர்மிட்டே தேவையில்லாத சரக்கு என்றாலும் அப்படித்தான், வாயால் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுப்பார். திரும்பிப்போன தாளின் எண்ணை அடுத்த தாளுக்குப் போட்டுவிடுவார். மாதக் கடைசியில் மேலிடத்துக்கு அறிக்கை போகும்: வந்த விண்ணப்பம் இத்தனை, கொடுத்த பெர்மிட் இத்தனை. இரண்டும் ஒன்றாகவே இருக்கும். மறுக்கப்பட்டது, இல்லை. இப்படி ஓர் ஒழுங்கான அலுவலகம் நாட்டிலேயே இல்லை என்று வெள்ளைக்காரத் துரை பாராட்டிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

எங்களுக்கும் அது பெருமை. சிவப்பு மையில் மறுப்பு விழாத ஏஜென்டு என்று பெயர் எடுப்பதில் எங்களுக்குள் போட்டி. ஒருவனுக்குத் தாள் திரும்பி வந்தது என்று தெரிந்தால் அவனைக் கோப்பிக் கடையில் கேலி செய்வோம். திரும்பி வந்த தாளை யாரும் பார்ப்பதற்குள் அடுப்பில் போட்டுவிடுவார்கள். என் பேரில் ஆறு வருஷம் ஒன்றும் விழவில்லை. கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

இப்போது நானாவைப் பற்றி. பெண்டஹாரா சாலையில் அவருக்கு மளிகைக் கடை. ராமநாதபுரத்துப் பக்கம். ஊரில் எல்லோருக்கும் அவர் நானாதான். வெங்காயம், மிளகாய் வற்றல், சவர்க்காரம், கைலி எல்லாவற்றையும் தொங்காங்கில் ஏற்றி எதிர்க்கரைக்கு, சுமத்ராவுக்கு, அனுப்புவார். அந்தத் தொங்காங் அவருடைய சொந்தப் படகு. காகித வேலை முழுவதும் என்னுடையது. நானாவுக்குத் தமிழும் அரபும் படிக்க வரும், ஆங்கிலம் தெரியாது. "நீ சொன்னா சரி" என்பார். நான்கு வருஷமாக அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்ததற்கு அடுத்த வருஷம். எதிர்க்கரையில் கலகம், துப்பாக்கிச் சண்டை. டார்ச் லைட் பேட்டரி கிடைக்கவில்லை என்று அங்கிருந்து ஆர்டர் வந்தது. நான் பேட்டரிக்கு விண்ணப்பம் போட்டேன். பெரிய கிராணி எண் போட்டு உள்ளே கொண்டுபோனார், வெளியே வந்து தாளை நீட்டினார்.

"பேட்டரிக்கெல்லாம் பெர்மிட் வேண்டாம், தம்பி. மத்த சாமானோட ஏத்திடு."

நான் வாங்கிக்கொண்டேன். நானாவிடம் போய், பெர்மிட் வேண்டாமாம், ஏற்றுங்கள் என்றேன். இரண்டு தடவை போனது. ஆற்று முகத்துவாரத்தில் ரோந்துப் படகுக்காரர்கள் பெட்டியைத் திறந்தே பார்த்தார்கள், போ என்று விட்டார்கள். மூன்றாவது தடவை, ஆறு பெட்டி. அதே ரோந்துப் படகு, அதே ஆட்கள். இந்தத் தடவை தொங்காங்கைக் கட்டி இழுத்துவந்தார்கள். அன்று மத்தியானம் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த நானாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தடுக்கப்பட்ட சரக்கை அனுமதியில்லாமல் கடத்தினார் என்று குற்றம். இரண்டு நாள் உள்ளே வைத்துவிட்டு, ஜாமீனில் விட்டார்கள்.

இங்கே ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். போகப்போவது பேட்டரி இல்லை, படகும் இல்லை. அந்த வருஷம் நானா குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அவர் மட்டுமா, ஊரே போட்டிருந்தது. மனுப் போட்டவர் பேரில் ஒரு குற்றம் பதிவானால் மனு செத்தது. அதிலும் இது பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட குற்றம், நேரே நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

மறுநாள் பெரிய கிராணி என்னை ஆற்றோரக் கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டுக் கோப்பி வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"மேல இருந்து சர்க்குலர் வந்துச்சு, தம்பி. பேட்டரியும் பட்டியல்ல சேந்துருச்சு."

"எப்பங்கய்யா வந்துச்சு?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. நான் என்ன செய்ய?" என்றார். கோப்பியைக் கலக்கினார். "புது ஆபீசர் விசாரணை வெக்கப்போறாரு. நீ ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டா உன் பாஸ் தப்பிச்சிரும். பேட்டரிக்குப் பெர்மிட் வேணும்னு கவுண்டர்ல சொன்னாங்க, நான் வியாபாரிகிட்ட சொல்லிட்டேன், அவரு கேக்கலை. அவ்வளவுதான்."

"வேண்டாம்னுல்லங்கய்யா சொன்னீங்க?"

"எப்ப சொன்னேன்?"

"போன மாசத்துக்கு முந்தின மாசம். விண்ணப்பம் போட்டேனே."

"எந்த விண்ணப்பம்? ரிஜிஸ்டர்ல இல்லையே." கரண்டியை எடுத்து சாசரில் வைத்தார். "பாஸ் போச்சுன்னா திரும்பவும் மூட்டை தூக்கத்தான் போகணும். உனக்கும் இப்பத்தான் கல்யாணம் ஆச்சு. யோசிச்சுப் பாரு."

அவர் மிரட்டவில்லை. ரொம்பப் பாசமாகத்தான் சொன்னார். கோபத்தில் பெரிய கோபம் எது தெரியுமா? நம்மை முட்டாளாக்கியவன் நம் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிறானே, அப்போது வருகிற கோபம். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. முட்டாளாக்க அவனுக்கு ஆறு வருஷமாக உதவி செய்தவன் நானே என்று தெரிந்தபோது வந்தது. சட்டத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தெரியாமல் மீறியவனைப் பிடித்து அடைக்கிற ஊரில், அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டவன் நான்தான்.

மற்ற ஏஜென்டுகளைக் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாரு. நானா பாவந்தான், ஆனா நாளைக்கு நமக்குக் கவுண்டர் வேணும்ல."

நானாவின் கடைக்குப் போனேன். அவர் தராசின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வா, தம்பி. பேட்டரி வாங்க வந்தியா? எல்லாத்தையும் அவங்களே எடுத்துட்டுப் போய்ட்டாங்களே."

நான் கோப்பிக் கடையில் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிப் போட்டார்.

"அடுத்த மாசம் சிட்டிசன் ஆபீசுல கூப்பிட்டிருக்கான். உன் பேர்ல கேசு இருக்கான்னு கேப்பான். இருக்குன்னா கப்பல்தான். என் புள்ளைங்க நாலும் இங்க பொறந்ததுங்க. அதுங்களுக்கு நாகப்பட்டினம் எந்தப் பக்கம்னு தெரியாது." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கையெழுத்துப் போடப்போறியா?"

"இன்னும் முடிவு பண்ணல, நானா."

அது உண்மை. எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் உண்மை. வெட்கப்பட வேண்டியதைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, இதுதான்.

"முடிவு பண்ணிட்டு வந்து சொல்லு. எனக்கு வேல கெடக்கு" என்று தராசுப் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் பெட்டியைக் கவிழ்த்தேன். மற்றவர்கள் திரும்பி வந்த தாள்களை அடுப்பில் போட்டார்கள், நான் போடவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வராது. ஒரு தடவை தட்டச்சு செய்து வாங்கிய தாளை வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அதைப் பார்த்து எழுதுவேன். படிக்காதவனின் காப்பிப் புத்தகம் அது. பேட்டரித் தாள் அதில் இருந்தது. முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை, வலது மூலையில் ஒரு பென்சில் எண். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பென்சிலால் யார் வேண்டுமானாலும் எண் போடலாம்.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்ததை அடுக்கினாள். அவள் ஆறாம் வகுப்பு வரை படித்தவள், என்னைவிட இரண்டு மடங்கு. முத்திரை விழுந்த பெர்மிட்டின் நகல்கள் ஒரு பக்கம், திரும்பி வந்தவை ஒரு பக்கம். திடீரென்று நிறுத்தினாள்.

"இது பேட்டரி, இது சவர்க்காரம். ரெண்டுக்கும் எப்படி ஒரே நம்பர் போட்டாங்க?"

பார்த்தேன். ஒரே எண், ஒரே தேதி. நான் ஒரே நேரத்தில் நான்கைந்து தாள் கொடுப்பவன். பேட்டரித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதன் எண்ணை அடுத்து இருந்த என்னுடைய சவர்க்காரத் தாளுக்குப் போட்டிருக்கிறார்கள். சவர்க்காரத்துக்கு முத்திரை விழுந்திருக்கிறது. இரண்டிலும் எண் போட்ட கை ஒன்றே. அவருடைய ஏழு எப்போதும் நடுவில் ஒரு கோடு வாங்கும். மற்ற தாள்களையும் ஜோடி சேர்த்தோம். மூன்று நாள் ஆனது. முப்பத்தொரு ஜோடி கிடைத்தது.

முப்பத்தொரு தடவை எனக்கு 'எடுத்துக்கிட்டுப் போ' என்று சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தொரு தடவை நானும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் சுத்தமான பெயர் அங்கே பாயில் பரப்பிக் கிடந்தது.

நன்றாக யோசித்துவிட்டுத்தான் விசாரணைக்குப் போனேன் என்று நினைக்காதீர்கள். அதை மேசையில் வைத்தால் என் பாஸ் போகும், மற்ற ஏஜென்டுகளின் குட்டும் வெளிப்படும், இனி எவனும் என்னோடு கோப்பி குடிக்கமாட்டான் என்று தெரியும். வைக்காவிட்டால் நான்கு பிள்ளைகள் கப்பல் ஏறும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இப்போது நீங்கள் நினைப்பீர்கள். உங்கள் பாஸ் அந்தத் தராசுத் தட்டில் இருக்கும்போது நினைத்துப் பாருங்கள்.

விசாரணைக்குப் புது ஆபீசர் உட்கார்ந்திருந்தார். நம் நாட்டுக்காரர், மலாய்க்காரர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மலாயில் பேசினார், மரியாதைக்குத் துவான் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பெரிய கிராணி பக்கத்தில் நின்றார். நானா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கடுதாசி எங்கே என்று கிராணி கண்ணால் கேட்டார். நான் கட்டை அவிழ்த்து முப்பத்தொரு ஜோடியையும் மேசையில் வைத்தேன். மேலே பேட்டரியும் சவர்க்காரமும்.

ஆபீசர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி அந்த எண்ணைத் தேடினார். சவர்க்காரம் மட்டுமே இருந்தது. கிராணியைப் பார்த்தார்.

"இந்தத் தாள் கவுண்டருக்கு வந்ததா, வரவில்லையா?"

கிராணி ஏதோ தொண்டைக்குள் சொன்னார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன். ஆபீசரின் மைக்கூடு ஆடியது.

"துவான், வேண்டாம்னு சொல்லித் திருப்பியிருந்தா நானா மேல குத்தம் இல்ல. கூடாதுன்னு சொல்லித் திருப்பியிருந்தா அந்த ரிஜெக்ட் எங்க? ரெண்டுல ஒண்ண இவர் சொல்லட்டும். மூணு வாரமா அலமாரிக்குள்ள பூட்டி வெச்ச சட்டத்த வெங்காயம் விக்கிற மனுசன் எப்படிப் படிப்பாரு?"

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆபீசர் என்னைப் பார்த்துத் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"முப்பத்தொரு தடவை நீ ஏன் வாங்கிக்கொண்டாய்?"

"குடுத்தாங்க, துவான். வாங்கிக்கிட்டேன்."

"வாங்கமாட்டேன், எழுதிக் கொடு என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா? மேசையைத் தட்ட மட்டும் கை இருக்கிறதே."

தம்பிகளே, என் பாஸை நான்கு மாதம் நிறுத்தி வைத்தார். பதிவேட்டில் பொய்க்குத் துணை போனதற்கு. நியாயமான தண்டனை. நான்கு மாதமும் அதே ஆற்றங்கரையில் மூட்டை தூக்கினேன். பழைய சகாக்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். தூக்கிவிட்டு மறுபடி எழுந்து வந்தேன், அதுவும் உண்மை.

ஆபீசர் அதோடு விடவில்லை. ஏஜென்டுகள் எல்லோரையும் கூப்பிட்டு, பட்டியலை வெளியே பலகையில் ஒட்டட்டுமா, மறுப்பதை மையால் எழுதிக் காரணத்தோடு தரட்டுமா என்று கேட்டார். என்ன சொன்னார்கள் தெரியுமா? வேண்டாம் என்றார்கள். "வியாபாரிகளுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம், துவான், சிரமம் எதற்கு." சிரமமாம். பட்டியல் பலகைக்கு வந்துவிட்டால் வியாபாரி நம்மிடம் எதற்கு வருவான் என்ற பயம். இருட்டில் கைப்பிடித்து அழைத்துப்போகிறவனுக்கு விளக்கு வந்தால் பிழைப்புப் போய்விடும் என்ற பயம். அரசாங்கம் மறைத்தது என்று நாம் கத்துகிறோமே, மறைக்கச் சொல்லிக் கெஞ்சியது நாம். அதை என் காதால் கேட்டேன்.

அவர் கேட்கவில்லை, ஒட்டிவிட்டார். ஒரு வாரத்தில் யாரோ கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினார், மறுபடி காணோம். மூன்றாவது தடவை பியூன் கஞ்சி காய்ச்சிப் பலகையோடு சேர்த்து ஒட்டினான், அதன்பிறகு யாராலும் உரிக்க முடியவில்லை. கிழித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் பிற்பாடு சங்கத்தில் தலைவர்களாக இருந்தார்கள்.

விசாரணை முடிந்து இரண்டு வாரம் கழித்து நானாவைக் கூப்பிட அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. பாஸ் இல்லாவிட்டாலும் துணைக்கு நானும் போனேன். பெரிய கிராணியை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். கவுண்டரில் ஒரு புதுக் கிராணி, தமிழர்தான்.

"கேசு இல்ல, நானா. படகை எடுத்துக்கலாம். பேட்டரி மட்டும் கிடைக்காது. நீங்க போகலாம்."

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. "வாங்க, நானா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பாருங்கள், எல்லாம் நடந்த பிறகும் நான் இழுத்தேன். நானா கையை விடுவித்துக்கொண்டார். கவுண்டரை விட்டு நகரவில்லை.

"கேசு இல்லைன்னு எழுதிக் குடுங்க."

"அதான் சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னீங்க. அடுத்த மாசம் நீங்க இந்த நாற்காலியில இருப்பீங்களா?"

புதுக் கிராணி சிரித்தார். "அதுக்குன்னு பாரம் எதுவும் கிடையாது, நானா."

"வெள்ளத்தாள் இருக்குல்ல?"

பின்னால் வரிசை நீண்டது. நகரு, நகரு என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். நானாவுக்கு அடுத்து நின்ற சீனத் தவுக்கே, ஓட்டை உடைசல் இரும்பு அனுப்புகிற முதலாளி, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். நானா இரண்டே வாக்கியத்தில் சொன்னார். தவுக்கே தலையை ஆட்டிவிட்டு, கையில் இருந்த குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். அவர் நகராததால் வரிசையும் நகரவில்லை. பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. அலுவலகத்தில் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தினார்கள், திறந்தார்கள். நானா அதே இடத்தில் நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய் அவர் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை என்று சொல்லமாட்டேன், தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு ஆபீசரே வெளியே வந்தார். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். முத்திரை குத்தினார். நானா அதைக் கையில் வாங்கி என்னிடம் நீட்டினார்.

"படி."

படித்தேன். இவர்மேல் எந்த வழக்கும் இல்லை, எடுக்கப்போவதும் இல்லை. தமிழில் சொன்னேன்.

"இன்னொரு தரம் படி."

படித்தேன். அவர் தாளை என் கையிலிருந்து வாங்கினார். திரும்பி, தவுக்கேயிடம் கொடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்து, மலாயில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டபடி நானா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அதன்பிறகுதான் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் பொத்தானைப் போட்டார்.

நான் மறுபடி பாஸ் வாங்கியபோது நானாவின் சரக்கு வேறு ஏஜென்டிடம் போயிருந்தது. அவருக்குக் குடியுரிமை கிடைத்ததை அந்த ஏஜென்டு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.